எந்தக் கூரையும் விலக்கல்ல

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது கோபித்துக்கொள்ளக்கூடிய ஒரு நாட்டை, கம்பீரவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்ல அரசன்தான். ஏரிகளைத் தூர்வாரினான். பக்கத்து நாட்டோடு வம்புக்குப் போகவில்லை. அவனுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. தேரில் ஊர்வலம் போனால் ஜனங்கள் "வாழ்க, வாழ்க" என்கிறார்கள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு என்ன சொல்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் பலகாரம் சாப்பிடும்போது இந்த எண்ணம் வந்தது. அதற்கப்புறம் பலகாரம் இறங்கவில்லை.

சபையில் இதைச் சொன்னான். முதலமைச்சர் அனந்தராயர் உடனே எழுந்து, அது மிகவும் நியாயமான கவலை என்றார். வீட்டுக்கு வீடு உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடலாம், தெருப்பக்கச் சுவரில் ஒரு துளை போடலாம், துளைக்கு வெளியே ஒரு ஆளை உட்கார வைக்கலாம் என்று விவரமாகச் சொன்னார். இதனால் திருடர், கலகக்காரர், பகைநாட்டு ஒற்றர் எல்லோரும் அகப்படுவார்கள் என்றார்.

"ஜனங்கள் வருத்தப்பட மாட்டார்களா?" என்று அரசன் கேட்டான்.

"மறைக்க எதுவும் இல்லாதவனுக்கு இதில் என்ன வருத்தம், மகாராஜா?" என்றார் அனந்தராயர்.

அரசன் தலையாட்டிவிட்டு, சபையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்பலவாணரைப் பார்த்தான். அம்பலவாணர் அரசவை விகடகவி. பெரிய தலைப்பாகை, சின்ன உருவம். எதைச் சொன்னாலும் முகத்தில் சிரிப்பு இருக்காது. அதனால் சிரிப்பதா வேண்டாமா என்று மற்றவர்கள் கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருக்கும்.

"மகாராஜா, வீட்டுக்குள் ஜனங்கள் பேசுவதில் பாதி குழம்பைப் பற்றி. மீதி அடுத்த வீட்டுக் குழம்பைப் பற்றி. இதற்குச் சுவரை இடிப்பானேன்?" என்றார் அம்பலவாணர்.

அரசன் சிரித்தான். அனந்தராயர் சிரிக்கவில்லை. தான் இவ்வளவு நேரம் ராஜதந்திரம் பேசியதற்கு வெறும் தலையாட்டல், இந்த ஆள் குழம்பைப் பற்றிச் சொன்னதற்குச் சிரிப்பு. பல வருஷங்களாகவே அவருக்கு இது பொறுக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவர் திட்டம்தான் ஜெயித்தது. தாழ்ப்பாள்களைக் கழற்றி வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும், உட்கார்ந்தால் காது உயரத்துக்கு, ஒரு தேங்காய் நுழையும் அளவுக்குத் துளை விழுந்தது. துளைக்கு ஒரு முக்காலி, முக்காலிக்கு ஒரு ஆள். அந்த ஆட்களுக்குச் செவிக்காரர் என்று பெயர் வைத்தார்கள்.

ஊர் மாறிப்போயிற்று. புருஷன் பெண்சாதி சண்டை போடுவதென்றாலும் முதலில் அரசனை வாழ்த்திவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். "மகாராஜா நூறு வருஷம் இருக்கட்டும், இந்த ரசத்துல உப்பு எங்கடி?" என்று ஒருவன் கேட்பான். "மகாராஜா ஆயிரம் வருஷம் இருக்கட்டும், உங்க நாக்குல இருக்கான்னு பாருங்க" என்று அவள் சொல்வாள். புதிதாகக் கல்யாணமானவர்கள் பேசுவதையே நிறுத்திவிட்டு ஜாடை காட்டினார்கள். செவிக்காரர்களுக்கு ஜாடை கேட்காது என்பதால், சந்தேகத்துக்கிடமான அமைதி என்று மேலிடத்துக்குச் சொல்லியனுப்பினார்கள். அரசன் காதுக்கு வாழ்த்து மட்டுமே வந்து சேர்ந்தது. அவனுக்குத் திருப்தியாக இருந்தது. பலகாரம் இறங்கியது.

இப்படி இருக்கையில் நாச்சி என்ற பெண்ணைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

நாச்சி அவல் இடித்து விற்பவள். அவள் புருஷன் சொக்கன் பல்லக்குத் தூக்கி. சில வருஷங்களுக்கு முன் விஷக் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. அவள் வீட்டுச் செவிக்காரன் சொன்னது இது: தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் வீட்டுக்குள் ஒரு ஆணிடம் தாழ்ந்த குரலில் பேசுகிறாள். "வடக்கு வாசல் வழியா வாங்க, காவக்காரன் கண்ணுல படாம வாங்க" என்கிறாள். "மூட்டை அங்கேயேதான் இருக்கு, நான் தொடலை" என்கிறாள். அந்த ஆணின் பதில் மட்டும் கேட்கவில்லை. அவ்வளவு தந்திரமாகப் பேசுகிறான்.

வீட்டைச் சோதனை போட்டார்கள். ஆள் இல்லை. மூட்டை இருந்தது. அதற்குள் ஆண்பிள்ளை வேட்டி, தலைத்துண்டு, ஒரு ஜோடிச் செருப்பு. செத்துப்போனவன் வீட்டில் ஆண்பிள்ளை உடுப்பு எதற்கு என்று அனந்தராயர் கேட்டார். பகைநாட்டு ஒற்றன் மாறுவேடம் போடுவதற்கு என்று அவரே பதிலும் சொன்னார்.

அரசன் நாச்சியிடம் யாரோடு பேசினாய் என்று கேட்டான். அவள் சொல்லவில்லை. மறுபடியும் கேட்டான். "தப்பா ஒண்ணும் பேசலைங்க" என்று மட்டும் சொன்னாள். தப்பில்லை என்றால் சொல்வதற்கு என்ன என்று அரசன் கேட்டான். அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

அம்பலவாணர் எழுந்து, இவள் முகத்தைப் பார்த்தால் ஒற்றனுக்கு இடம் கொடுத்தவளாகத் தெரியவில்லை என்றார். அனந்தராயர் இந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார்.

"விகடகவியார் இவளுக்காகப் பரிந்து பேசுகிறார். நல்லது. அப்படியானால் இவள் பேசிய ஆள் யார் என்பதையும் அவரே கண்டுபிடித்துச் சபைக்குக் கொண்டுவரட்டும். பௌர்ணமி வரை அவகாசம் கொடுங்கள், மகாராஜா. கொண்டுவராவிட்டால், நாட்டைவிட்டுத் துரத்தும்போது இவளோடு அவரையும் சேர்த்தே துரத்திவிடலாம்."

அரசனுக்கு இது நியாயமாகவே பட்டது. ஆகட்டும் என்றான்.

அம்பலவாணர் சிறைக்குப் போய் நாச்சியைப் பார்த்தார். காவலாளியைத் தள்ளி நிற்கச் சொன்னார். யாரிடம் பேசினாய் என்று அவர் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். மடியிலிருந்த வெல்லத்தையும் பொரிகடலையையும் கொடுத்தார். அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் அவளாகவே சொன்னாள்.

அவள் பேசியது சொக்கனோடுதான். பல்லக்குத் தூக்கிவிட்டுப் பொழுது சாய்ந்து வருகிறவன், நேர்வழியில் வந்தால் காவல்காரன் வம்பளக்கப் பிடித்து வைத்துக்கொள்வான் என்று வடக்கு வாசல் வழியாக வருவான். இன்றைக்கும் விளக்கு வைக்கும்போது அவனை அப்படியே வரச் சொல்வாள். அவன் உடுப்பை யாருக்கும் கொடுக்கவில்லை என்றும் சொல்வாள். அவல் விலை, கால்வலி, பக்கத்து வீட்டு ஆடு, எல்லாம் சொல்வாள். அவ்வளவுதான்.

"இதைச் சபையில சொல்லிட்டா இப்பவே விட்டுருவாங்களே அம்மா" என்றார் அம்பலவாணர்.

"விட்டுருவாங்க ஐயா. பைத்தியம்னு விட்டுருவாங்க. அப்புறம் தெருவுல போறவ வர்றவ எல்லாம், நேத்து உம் புருஷன் வந்தானா, என்ன சொன்னான்னு கேப்பாங்க. நாலு பேர் கேட்டுட்டா, அதுக்கப்புறம் எனக்கு அவருகிட்டப் பேச வாய் வராது. அது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு. ஊரைவிட்டுப் போகச் சொன்னா போறேன். போற இடத்துலயும் பேசிக்குவேன்."

பிறகு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னாள். அம்பலவாணர் சத்தியம் செய்தார். வெளியே வந்தபோதுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அந்த ஆளைச் சபைக்குக் கொண்டுவரவும் முடியாது, அப்படி ஒரு ஆள் இல்லை என்று சொல்லவும் கூடாது. அவருக்கும் வயதாகிவிட்டது. இந்த வயதில் வேறொரு நாட்டுக்குப் போய், அங்கே இருக்கிற அரசனுக்கு எதைச் சொன்னால் சிரிப்பு வரும் என்று முதலிலிருந்து கற்றுக்கொள்வது சுலபமில்லை.

மறுநாள் அவர் அரசனிடம் போய், ஆளைத் தேட வேண்டுமானால் தனக்கும் செவிக்காரர் அதிகாரம் வேண்டும் என்று கேட்டார். எங்கே வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம், கேட்டதை அப்படியே சபையில் சொல்ல வேண்டும், தனியாக இருந்துகொண்டு கண்ணுக்குத் தெரியாத யாரோடோ பேசுகிற எவரையும் நாச்சியை நடத்துகிறபடியே நடத்த வேண்டும். இப்படி ஒரு ஆணை போதும் என்றார்.

அனந்தராயருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விகடகவியே தன் வழிக்கு வந்துவிட்டார். ஆணையைத் தாமே சொல்லச் சொல்ல எழுதவைத்தார். ஏழை பணக்காரன் என்ற பேதம் வேண்டாம் என்று, "எந்தக் கூரையும் விலக்கல்ல" என்று ஒரு வரியையும் கடைசியில் சேர்த்தார். அரசன் முத்திரை வைத்தான்.

அந்த வாரம் பக்கத்து நாட்டுத் தூதன் வருவதாக இருந்தது. கம்பீரவர்மனுக்கு வயதாகிவிட்டது, இனிமேல் குதிரை ஏறிப் போருக்கு வர மாட்டான் என்று அந்த நாட்டில் ஒரு பேச்சு. அது மெய்யா என்று பார்த்துவரத்தான் தூதன் வருகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். தூதன் வருவதற்கு முந்தின நாள் காலை, அம்பலவாணர் அரண்மனையில் அரசன் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் அறைக்குப் போனார். வாசலில் நின்ற காவலன், உள்ளே யாரும் போகக் கூடாது என்று தடுத்தான். அம்பலவாணர் ஆணையைக் காட்டி, கடைசி வரியைப் படித்துக் காட்டினார். காவலன் அண்ணாந்து பார்த்தான். மேலே கூரை இருந்தது. விட்டுவிட்டான்.

அம்பலவாணர் வெந்நீர்க் கொப்பரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் அரசன் வந்தான். எண்ணெய் தேய்த்துவிடுகிறவனை, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வெளியே அனுப்பிவிட்டு மணையில் உட்கார்ந்தான். உட்காருவதற்கு வெகுநேரம் ஆயிற்று. வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து நீட்டிக்கொண்டு, வெதுவெதுப்பான எண்ணெயை அதன்மேல் விட்டான். விட்டபடியே முழங்காலோடு பேச ஆரம்பித்தான். தனியாக இருக்கும்போது அரசர்களும் எல்லோரையும் போலத்தான் பேசுகிறார்கள்.

"இங்க பாரு. போன தடவ நீ என்னைக் காட்டிக் கொடுக்கப் பாத்தே. நல்லவேளை யாரும் கவனிக்கலை. நாளைக்குத் தூதன் வர்றான். நான் எந்திரிக்கிற நேரத்துல என்னைக் கைவிட்டுறாதே. அவன் போற வரைக்கும் சத்தம் வெளியில வரக் கூடாது. அப்புறம் உனக்கு வேண்டியதைத் தரேன். ரெண்டு வேளையும் தரேன். இது நமக்குள்ள இருக்கட்டும். பொண்டாட்டிகிட்டக்கூட நான் சொல்லலை."

சொல்லிவிட்டு அரசன் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி காலை மடக்கினான். மடக்கென்று சத்தம் கேட்டது.

கொப்பரைக்குப் பின்னால் அம்பலவாணர் தலையைக் குனிந்துகொண்டார். வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும், அரசனுக்கு இவ்வளவு வலி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அடுத்தவன் வீட்டில் எதையோ எடுத்துக்கொண்டு போகிறவன் போல, அரசன் குளித்துவிட்டுப் போன பிறகு சுவரோரமாக நழுவி வெளியே வந்தார்.

தூதன் வந்தான். அரசன் நின்றபடியே அவனை வரவேற்றான், நின்றபடியே வழியனுப்பினான். தூதன் திருப்தியாகப் போய்ச் சேர்ந்தான்.

பௌர்ணமியன்று சபை கூடியது. நாச்சியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் பேசிய ஆள் எங்கே என்று அனந்தராயர் கேட்டார்.

அந்த ஆளைக் கொண்டுவரவில்லை என்று அம்பலவாணர் ஒத்துக்கொண்டார். ஆனால் தேடிப் போன இடத்தில் இவளைப் போலவே தனியாகப் பேசும் இன்னொருவரைக் கேட்க நேர்ந்தது, ஆணைப்படி அதைச் சபையில் சொல்லியாக வேண்டும் என்றார். இந்நகரத்து வீடு ஒன்றில் ஓர் ஆண்மகன், அறையில் வேறு மனிதர் இல்லை, நேரம் காலை என்று சொல்லிவிட்டு, கேட்டதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், சந்தை விலை சொல்கிற குரலில் சொன்னார்.

"இங்க பாரு, போன தடவ நீ என்னைக் காட்டிக் கொடுக்கப் பாத்தே" என்றதும் சபையே முன்னால் குனிந்தது. அரசனும் குனிந்தான். "நாளைக்குத் தூதன் வர்றான்" என்றதும் அரசன் மட்டும் நிமிர்ந்தான். "நான் எந்திரிக்கிற நேரத்துல என்னைக் கைவிட்டுறாதே" என்றபோது அவன் கை தானாக வலது முழங்காலுக்குப் போயிற்று. சட்டென்று எடுத்துக்கொண்டான்.

அம்பலவாணர் முடித்ததுமே அனந்தராயர் எழுந்துவிட்டார்.

"மகாராஜா, இதைவிடத் தெளிவான ராஜத்துரோகம் உண்டா? எந்திரிக்கிற நேரம் என்கிறான். கலகம் செய்ய எழும் நேரத்தைத்தான் சொல்கிறான். பகைநாட்டுத் தூதன் வருகிற நாளையே அதற்குக் குறித்திருக்கிறான். கூட்டாளிக்குக் கைக்கூலி தருவதாக வாக்களிக்கிறான், அதுவும் இரண்டு வேளை. கட்டின மனைவியிடமே மறைப்பவன் எதற்கும் துணிந்தவன்."

அரசன் தொண்டையைச் செருமிக்கொண்டான். அந்த மனிதன் வேறு ஏதாவது சாதாரண விஷயத்தைப் பேசியிருக்கலாம் அல்லவா என்று மெதுவாகக் கேட்டான்.

"மறைக்க எதுவும் இல்லையென்றால் சபைக்கு வந்து சொல்லட்டுமே, மகாராஜா" என்றார் அனந்தராயர்.



இந்த மாதிரி ஆளுக்கு என்ன தண்டனை என்று அம்பலவாணர் அமைச்சரிடம் மரியாதையாகக் கேட்டார். வீட்டைத் தரைமட்டமாக்க வேண்டும், அவனையும் கூட்டாளியையும் பிரித்துத் தனித்தனிச் சிறையில் வைக்க வேண்டும் என்றார் அனந்தராயர். இருவரையும் பிரிப்பது கஷ்டம், பிறந்ததிலிருந்தே ஒன்றாக இருப்பவர்கள் என்றார் அம்பலவாணர்.

"அப்படியானால் அந்தக் கூட்டாளியை முதலில் வெட்டிப் போடவேண்டும்" என்றார் அனந்தராயர்.

அரசன் வலது காலை மெல்லச் சிம்மாசனத்துக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"அமைச்சர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். வீடு எது என்று நான் இன்னும் சொல்லவில்லை. ஆணைப்படி சொல்ல வேண்டியவன். சொல்லட்டுமா, மகாராஜா?" என்று கேட்டார் அம்பலவாணர்.

சபை அரசனைப் பார்த்தது. அரசன் அம்பலவாணரைப் பார்த்தான். அந்த முகத்தில் வழக்கம்போல ஒன்றும் இல்லை. அப்புறம் அரசன் நாச்சியைப் பார்த்தான். அத்தனை நாளில் அவளை அவன் சரியாகப் பார்த்தது அப்போதுதான். கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, எது வந்தாலும் சொல்லப்போவதில்லை என்று நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் முன்பு வரைக்கும் அவனுக்கு அது பிடிவாதமாகத் தெரிந்திருந்தது.

"வேண்டாம்" என்றான் அரசன். "தவறு செய்யாதவனுக்கும் சபையில் வந்து சொல்ல முடியாத விஷயம் இருக்கும். எனக்கு அது தெரியாமல் போய்விட்டது."

நாச்சியை விடுதலை செய்யச் சொன்னான். அவளுடைய மூட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னான். நகரத்துத் துளைகளையெல்லாம் அரண்மனைச் செலவில் அடைக்கவும், தாழ்ப்பாள்களை அந்தந்த வீட்டில் பொருத்தவும் சொன்னான். செவிக்காரர்கள் இனிமேல் ஏரிக்கரைக்குக் காவல் இருக்கட்டும், அங்கே தவளைகள் பேசுவதைக் கேட்கலாம் என்றான்.

அனந்தராயர் விடவில்லை. "அப்படியானால் இவள் யாரிடம்தான் பேசினாள், மகாராஜா?"

"எனக்குத் தெரியாது. நான் கேட்கப்போவதும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே அரசன் எழுந்தான். எழும்போது மடக்கென்று ஒரு சத்தம், தூண் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. சபையில் எல்லோருக்கும் கேட்டது.

அரசன் மெதுவாகத் திரும்பினான்.

"அம்பலவாணரே, ஏதாவது கேட்டதா?"

"இல்லை மகாராஜா. இன்று காலையிலிருந்து எனக்கு இரண்டு காதும் மந்தம்."

அரசன் சிரித்தான். முதலில் மெல்ல, பிறகு சிம்மாசனத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தான். எதற்கென்று தெரியாமல் சபையும் சிரித்தது. அரசன் தன் காதில் கிடந்த வைரக் கடுக்கன் இரண்டையும் கழற்றி அம்பலவாணருக்குக் கொடுத்து, மந்தமான காதுக்கு இவை மருந்து, எந்நாளும் குணமாகாமல் பார்த்துக்கொள்ளும் என்றான். அம்பலவாணர் சபையிலேயே அவற்றைப் போட்டுக்கொண்டு, மகாராஜா என்ன சொன்னார் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

அனந்தராயர் மட்டும் அதற்குப் பிறகும் பல மாதம், அந்த ராஜத்துரோகியின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று அம்பலவாணரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். அம்பலவாணர் கையைக் காதோரம் குவித்து, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள் என்பார்.

நாச்சி அன்றைக்கே வீட்டுக்குப் போனாள். மூட்டையை அவிழ்த்துப் பார்த்தாள். யார் யாரோ தொட்டுக் கலைத்திருந்தார்கள். வேட்டியையும் தலைத்துண்டையும் துவைத்துக் கொடியில் போட்டாள். செருப்பைத் துடைத்து வைத்தாள். கொத்தன் வந்து சுவரை அடைத்துவிட்டுப் போனான். விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் கதவைச் சாத்தினாள். உள்ளே என்ன பேசினாள் என்பது இந்தக் கதையில் இல்லை. கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை.